பழைய ஜீன்ஸில் வேலைப்பாடு செய்த பை: தடித்த தையலில் ஊசி உடைகிறது, மணி உதிர்கிறது. எங்கே தவறு?

நீலநூல் கேட்டது:

மூணு பழைய ஜீன்ஸ் இருக்கு. ஒண்ணு ஆண்களோட ஸ்ட்ரெயிட் ஃபிட், கனமான துணி. ஒண்ணு ஸ்ட்ரெச். மூணாவது கருநீலம், அதிகம் துவைக்காதது. 30 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரம், அடிப்பக்கம் 10 செ.மீ. ஆழம் வர்ற மாதிரி, லைனிங் வச்ச தோள்பை தைக்கணும். முன்பக்கம் மணி, கண்ணாடி, சங்கிலித் தையல் எல்லாம் வரணும்.

முதல்ல தச்ச பை சரியா வரல. காலோட ரெட்டைத் தையல் மேல ஏறும்போது தையல் விட்டு விட்டு விழுந்தது, ரெண்டு இடத்துல ஊசியும் உடைஞ்சது. கைப்பிடியை நாலா மடிச்சுத் தச்சேன். அதை வாய்ப்பகுதியோட சேர்க்கும்போது மெஷின் நகரவே இல்ல. பை முடிஞ்ச பிறகு மணி தச்சதால லைனிங்கும் சேர்ந்து மாட்டிக்கிச்சு, இப்ப மணியும் உதிருது. கருநீலத் துணி வெள்ளைச் சட்டையில சாயம் ஒட்டுது. வீட்டு மெஷின்தான், போட்டது 14 நம்பர் ஊசி. எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசியில செய்யணும்? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

பாவுநூல் எழுதியது:

சாயம், மணி இரண்டையும் தவிர நீங்கள் சொன்ன எல்லாக் கோளாறுக்கும் மூலம் ஒன்றுதான்: எந்த இடத்தில் எத்தனை அடுக்கு சேரும் என்பதை வெட்டுவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். ஜீன்ஸின் இரட்டைத் தையலின் நடுவே நாலு அடுக்கு இருக்கிறது. அப்படி இரண்டு தையல் நேருக்கு நேர் வந்தால் எட்டு. நாலாக மடித்த கைப்பிடியை, உள்ளே மடித்த வாய் விளிம்போடும் லைனிங்கோடும் சேர்த்தால் ஏழு. வீட்டு மெஷின் கனமான டெனிமில் ஐந்து, ஆறு அடுக்கு வரை மெதுவாகத் தைக்கும். அதற்கு மேல் போகாதபடி பையை வடிவமைப்பதுதான் முழு வேலையில் பாதி.

துணியிலிருந்து தொடங்குகிறேன். உடல் பகுதிக்கு ஸ்ட்ரெயிட் ஃபிட் ஜீன்ஸை எடுங்கள். ஸ்ட்ரெச் துணியை உடலுக்கு வைத்தால் இரண்டு மாதத்தில் பை தொங்கும். சோதிக்க வேண்டுமானால் துணியைக் குறுக்கே 10 செ.மீ. பிடித்து இழுத்துப் பாருங்கள். 11க்கு மேல் போனால் அதை பாக்கெட், ஒட்டுத்துண்டு, பூ ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். உடலுக்கே வைத்தாக வேண்டும் என்றால், பின்னால் நெய்த ஃபியூசிங் (சூட்டில் ஒட்டும் உள்துணி) முழுவதும் ஒட்ட வேண்டும். அயர்னைத் தேய்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும் வரை துணியை அசைக்கக் கூடாது. முழங்கால், உட்காரும் இடம், உள்தொடை ஆகியவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தப் பகுதி அடிப்பக்கத்துக்கு ஆகாது.

வெட்டுவது: கால்களைக் கவட்டுத் தையலுக்கு 2 செ.மீ. கீழே குறுக்கே வெட்டுங்கள். பெரும்பாலான ஜீன்ஸில் உள்தொடைப் பக்கம் இரட்டைத் தையலும், வெளிப்பக்கம் ஓவர்லாக் போட்டுப் பிரித்து அழுத்திய ஒற்றைத் தையலும் இருக்கும். துணியைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இரட்டைத் தையலின் இரண்டு ஓரத்தையும் ஒட்டிக் கத்தரித்து அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள். தூக்கிப் போட வேண்டாம், அலங்காரப் பட்டையாக, வளையம் மாட்டும் லூப்பாக ஆகும். இப்போது கால் ஒரே துணியாக விரியும், மெல்லிய வெளித்தையல் நடுவில் ஓடும்.

ஒரு பக்கத்துக்கான அளவு: அகலம் 30, ஆழத்துக்கு 10, தையலுக்கு இருபுறமும் ஒன்றரை, ஆக 43 செ.மீ. உயரம் 32, ஆழத்தில் பாதி 5, மேலும் கீழும் ஒன்றரை, ஆக 40 செ.மீ. கீழ் மூலைகள் இரண்டிலும் 5 செ.மீ. சதுரம் வெட்டி எடுக்க வேண்டும். இதை வெட்டிய ஓரத்திலிருந்தே அளக்கலாம், தையலுக்கு விட்டதைத் தனியாகக் கூட்ட வேண்டாம். எல்லாத் தையலும் அதே ஒன்றரை செ.மீ. என்றால் இரண்டும் சமமாகிவிடும், ஆழம் சரியாக 10 வரும். துணியின் மேல்பக்கம் தொடை, கீழ்பக்கம் முழங்கால் வரும்படி வையுங்கள். முழங்கால் அருகே அகலம் குறைந்தாலும் பரவாயில்லை: கடைசி 5 செ.மீ. உயரத்தில் சதுரம் போய்விடுவதால் அங்கே 33 செ.மீ. இருந்தாலே போதும்.

டெனிம் சாய்வு நெசவு என்பதால் துவைக்கத் துவைக்கக் கால் முறுக்கிக்கொள்ளும், வெளித்தையல் நேராக இருக்காது. அந்தத் தையலை நம்பி அளவுகோலை வைத்தால் பை ஒரு பக்கம் இழுக்கும். பாவு நூல் (துணியின் நீளவாக்கு நூல்) ஓடும் திசையைப் பார்த்து சாக்கில் கோடு போடுங்கள். முன் துண்டில் வெளித்தையல் நடுவில் இருந்தால், பின் துண்டில் அதை 3 செ.மீ. தள்ளி வையுங்கள். அடித்தையலில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாது.

கைப்பிடியை நாலாக மடிப்பதை விட்டுவிடுங்கள். 7 செ.மீ. அகலம், 72 செ.மீ. நீளத்தில் பட்டை வெட்டி, இரு ஓரத்தையும் ஒன்றரை செ.மீ. உள்ளே மடித்தால் 4 செ.மீ. ஆகும். உள்பக்கம் 3 செ.மீ. அகலக் காட்டன் நாடாவை வைத்து இரு ஓரமும் தையுங்கள். இரண்டு அடுக்கு டெனிம், ஒரு நாடா, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழ் 40 செ.மீ. அளவே மிஞ்சும் என்பதால் இணைக்க வேண்டி வரும். குறுக்கே நேராக இணைக்காமல் 45 டிகிரி சாய்வில் இணைத்தால் தடிப்பு ஒரே கோட்டில் குவியாது. நாடாவை மட்டும் இணைப்பில்லாமல் ஒரே நீளமாக விடுங்கள், எடையைத் தாங்குவது அதுதான். இரண்டு முனையையும் வாய் விளிம்புத் தையலுக்குள் செருகாமல், பையின் வெளிப்பக்கத்தில் விளிம்புக்குக் கீழே 2 செ.மீ. விட்டு 6 செ.மீ. நீளத்துக்குப் பதித்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி தையல் போடுங்கள். அந்த இடத்தின் உள்பக்கம் 8 செ.மீ. சதுரக் கேன்வாஸ் துண்டு இருக்கட்டும். இதை லைனிங் சேர்ப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

இனி மெஷின். 14 நம்பர் ஊசி இதற்கு ஒல்லி. 16 நம்பர் (100 அளவு) ஜீன்ஸ் ஊசி போடுங்கள், அடுக்கு அதிகமான இடத்துக்கு 18 (110). துணி நகரவில்லை என்று பின்னாலிருந்து இழுக்கும்போது ஊசி வளைந்து தட்டில் மோதும். பெரும்பாலும் உடைவது அப்படித்தான். தையல் விட்டுப் போவதற்குக் காரணம் வேறு. தடிப்பின் மேல் ஏறும்போது ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின்) மூக்கு மேலே தூக்கி, குதிகால் கீழே போகிறது. ஊசியைச் சுற்றித் துணியை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லாததால், ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்புகிறது. ஊசிக் கண்ணுக்குப் பின்னால் விழ வேண்டிய நூல் வளையம் விழாது, ஷட்டில் கொக்கி வெறுமனே சுற்றிப் போகும். அதனால் ஏறத் தொடங்கும் இடத்தில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள். ஃபுட்டைத் தூக்கி, குதிகாலுக்கு அடியில் அதே உயரத்துக்கு மடித்த டெனிம் துண்டைத் தள்ளி, ஃபுட் சமமானதும் கைச்சக்கரத்தைச் சுற்றியே நாலைந்து தையல் கடந்து போங்கள். இறங்கும்போது அந்தத் துண்டு மூக்குப் பக்கம் வர வேண்டும்.

அதற்கு முன் தடித்த இடத்தை நீராவியில் அயர்ன் செய்து, கெட்டியான தரையில் வைத்து, மேலே ஒரு துணி போட்டுச் சுத்தியலால் ஆறேழு அடி அடியுங்கள். இழைகள் நசுங்கி, தையல் மடிப்பு பலகை போல ஆகிவிடும். மிக எளிய வேலை, பலன் கண்ணுக்கு உடனே தெரியும்.

தையல் நீளம் இணைப்புக்கு 3 மி.மீ., மேல் தையலுக்கு 3.5 முதல் 4. இணைப்புக்குப் பாலியஸ்டர் நூல். ஆரஞ்சு நிறத் தடித்த நூல் வேண்டுமானால் மேலே மட்டும் போட்டு, பாபினில் சாதாரண நூலை வையுங்கள். மேல்நூல் டென்ஷனை ஓர் எண் கூட்டி, அதே எண்ணிக்கை அடுக்குள்ள துண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பக்கத் தையல், அடித்தையல் இரண்டையும் பிரித்து அழுத்திய பிறகே மூலையைத் தைக்க வேண்டும். ஒரே பக்கம் சாய்த்துவிட்டால் மூலையில் மறுபடி மேடு வரும்.

கண்ணாடித்தையல் எழுதியது:

வேலைப்பாடு பத்தி நான் சொல்றேன். துணி வெட்டின உடனே, பை சேர்க்கறதுக்கு முன்னாடி, தட்டையா இருக்கும்போதே முழு வேலைப்பாட்டையும் முடிச்சுடணும். தையல் கோட்டுலேர்ந்து உள்ள 2.5 செ.மீ. சுத்தியும் சாக் கோடு போட்டுக்கோங்க. அந்தக் கோட்டைத் தாண்டி மணியோ கண்ணாடியோ வரக்கூடாது. வந்தா ஃபுட் அது மேல ஏறும், ஊசி மணியில பட்டு உடையும். கீழ 5 செ.மீ. சதுரம் வெட்டினதுக்கு மேலயும் அதே அளவு விடுங்க, இல்லேன்னா டிசைனோட கால்வாசி பையோட அடியில போய் மறைஞ்சுடும். பின்பக்கம் உடம்புல உரசும், அங்க மணி வைக்காதீங்க, நூல் வேலை மட்டும் போதும்.

வரிசை: சூடு தேவைப்படற வேலை முதல்ல. ஃபேப்ரிக் பெயின்ட் போடறதா இருந்தா அதுதான் ஆரம்பம். டெனிம் கருப்பா இருக்கறதால நேரடியா மஞ்சளோ சிவப்போ வச்சா மங்கிடும். அடியில வெள்ளை ஒரு கோட் கொடுத்து, காய்ஞ்ச பிறகு நிறம் கொடுங்க. ஒரு நாள் காயவிட்டு, மேல துணி போட்டு அயர்ன் பண்ணுங்க. அடுத்தது நூல் எம்பிராய்டரி. அப்புறம் மணி. கடைசியா கண்ணாடி, ஜமிக்கி. பிளாஸ்டிக் ஜமிக்கி அயர்ன் சூட்டுல சுருங்கிடும், அதனால அது வச்ச பிறகு அந்தப் பக்கம் அயர்னே கிடையாது.

மணி உதிர்றதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, வரிசை முழுக்க ஒரே நூலா முடிச்சே இல்லாம ஓட்டறது. ஒரு இடத்துல அறுந்தா மொத்தமா கொட்டும். இன்னொண்ணு, சாதாரண காட்டன் நூல். கண்ணாடி மணியோட ஓட்டை விளிம்பு கூர்மையா இருக்கும், பை ஆட ஆட நூலை அறுத்துடும். பாலியஸ்டர் இல்ல நைலான் மணி நூல், ரெட்டையா. பின் தையல் மாதிரி போடணும்: மூணு மணி கோர்த்து ஊசியைக் கீழ விட்டு, ரெண்டாவது மணிக்கு முன்னாடி மேல வந்து, ரெண்டாவது மூணாவது மணி வழியா மறுபடி போகணும். இப்படி மூணு தடவை போனதும் பின்பக்கம் ஒரு முடிச்சு. மணி ஊசின்னு விக்கற நீள ஒல்லி ஊசி டெனிம்ல வளைஞ்சுடும். மணி ஓட்டையில நுழையற குட்டையான 10 நம்பர் கையூசி எடுங்க. ஊசி இழுக்க வரலைன்னா ரப்பர் துண்டால பிடிச்சு இழுங்க, குறடு போட்டா ஊசி ஒடியும்.

கண்ணாடிக்கு 1.5 இல்ல 2 செ.மீ. வட்டம் நல்லா இருக்கும். கையால வெட்டின கண்ணாடின்னா ஓரத்தை மெல்லிய உப்புத்தாள்ல ரெண்டு சுத்து தேய்ங்க, இல்லேன்னா அது நூலை அறுக்கும். ஒரு பொட்டு ஃபேப்ரிக் பசையில உட்கார வச்சு, செங்குத்தா ரெண்டு, படுக்கையா ரெண்டு நூல் இறுக்கமா போடுங்க. அந்த நாலு நூலும் கண்ணாடியோட நடுவுக்கு வராம ஓரத்துக்குப் பக்கத்துல போகணும். படுக்கை நூல் செங்குத்து நூலுக்கு அடியில ஒரு சுத்து சுத்திப் போனா கட்டு தளராது. அதுக்கப்புறம் அந்தக் கட்டைப் பிடிச்சு வட்டமா காஜா தையல். போடப் போட கட்டு நூல் வெளிப்பக்கம் இழுபட்டு, நடுவுல கண்ணாடி வட்டமா திறக்கும். முதல் கட்டு தளர்வா இருந்தா இந்த இடத்துலதான் கண்ணாடி நழுவும். ஆறு இழை நூல்ல நாலு இழை எடுத்தா டெனிம் மேல எடுப்பா தெரியும். சங்கிலித் தையலுக்கு ஆறும் போடலாம், தையல் நீளம் 4, 5 மி.மீ. வேணும், அதுக்கும் சின்னதா போட்டா நெசவுக்குள்ள புதைஞ்சுடும். எம்பிராய்டரி வளையத்தை ராத்திரி முழுக்க மாட்டி வைக்காதீங்க, டெனிம்ல விழற தடம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஹாட் க்ளூவுல கல், மணி ஒட்டறவங்க நிறைய பேர். பையை மடிச்சு விரிக்க விரிக்க அது பாளம் பாளமா கழண்டு வரும், வெயில்ல இளகும். வேண்டாம்.

இன்னொரு அழகு இருக்கு, செலவே இல்லாதது: பிசிறு. டெனிம்ல பாவு நூல் நீலம், ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், வெள்ளை. காலோட நீளவாக்குல வெட்டின ஓரத்துல நீல நூலை ஒண்ணொண்ணா உருவினா வெள்ளைக் குஞ்சம் நிக்கும். குறுக்கே வெட்டின ஓரத்துல வெள்ளை நூலை உருவினா நீலக் குஞ்சம் வரும். அந்த நீல நூலை நகத்தால கொஞ்சம் நெருடிப் பாருங்க, உள்ள வெள்ளையாதான் இருக்கும். பாக்கெட் மூடிக்கு வெள்ளைக் குஞ்சம் விட்டா மணியே தேவைப்படாது. உருவறதுக்கு முன்னாடி ஓரத்துலேர்ந்து 1 செ.மீ. உள்ள 2 மி.மீ. தையல் ஒண்ணு ஓட்டிடுங்க, பிசிறு அங்க நிக்கும்.

மூலைமடிப்பு எழுதியது:

சாயத்துக்கு: உப்புத் தண்ணியிலயும் வினிகர்லயும் ஊற வச்சு அலசினா நின்னுடும்.

பாவுநூல் எழுதியது:

நிற்காது. டெனிமின் நீலச் சாயமான இண்டிகோ நூலின் உள்ளே ஊறும் சாயம் இல்லை, மேற்பரப்பில் படிந்து நிற்பது. அதனால்தான் மேலே ஒருவர் சொன்னபடி நூலின் உள்ளே வெள்ளை தெரிகிறது, உரசினால் நீலம் ஒட்டுகிறது. உப்பும் வினிகரும் அதைப் பிடித்து வைக்காது. மேலே தளர்வாக இருக்கும் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி. தனியாக, உள்பக்கம் வெளியே திருப்பி, சோப்புப் போட்டு மூன்று நாலு முறை அலசுங்கள். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நீலம் வருவது நிற்கும் வரை வெட்ட வேண்டாம். அப்படியும் வந்தால் அந்தத் துணியைப் பையின் பின்பக்கத்துக்கும் கைப்பிடிக்கும் வைக்காமல் முன்பக்க ஒட்டுத்துண்டுக்கு மட்டும் வையுங்கள்.

வினிகர் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிசைனுக்காக டெனிமை ப்ளீச் செய்பவர்கள், ப்ளீச்சை நிறுத்த வினிகர் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நஞ்சு. முதலில் நிறையத் தண்ணீரில் அலசி, பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் பத்து நிமிடம் போட்டு, மறுபடி அலசுங்கள். சும்மா தண்ணீரில் அலசிவிட்டு நிறுத்தினால் உள்ளே தங்கிய ப்ளீச் பருத்தியைத் தொடர்ந்து அரிக்கும். சில மாதத்தில் அந்த இடம் காகிதம் போலக் கிழியும். ஸ்ட்ரெச் துணியில் ப்ளீச்சே வேண்டாம், நீட்சி தரும் எலாஸ்டேன் இழை போய்விடும்.

நீலநூல் எழுதியது:

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். லைனிங் உள்ள சுருங்கிக் தொளதொளன்னு நிக்குது, எப்படி வெட்டணும்? ஜீன்ஸோட இடுப்புப் பகுதி அப்படியே மிஞ்சுது, அதை இன்னொரு பையா மாத்தலாமா? கவட்டு இடம் தட்டையா உட்கார மாட்டேங்குது.

கண்ணாடித்தையல் எழுதியது:

லைனிங்குக்குக் காட்டன் பாப்ளின் போதும், ஒரு தடவை துவைச்சுட்டு வெட்டுங்க. வெளித்துணி அளவுலயே வெட்டி, உயரத்துல மட்டும் 1 செ.மீ. குறைங்க. தைக்கும்போது பக்கத்துல ஒன்றரைக்குப் பதிலா 1.8 செ.மீ. பிடிங்க. டெனிம் தடிமனா இருக்கறதால உள்பக்கச் சுற்றளவு வெளியை விடக் குறைவு, அதே அளவுல தச்சா லைனிங் மிஞ்சி மடிஞ்சுதான் நிக்கும். லைனிங்கோட அடித்தையல்ல 15 செ.மீ. திறப்பு விடுங்க, மணி வச்ச டெனிமை 8 செ.மீ. ஓட்டை வழியா வெளிய இழுத்தா மணியும் போகும், லைனிங்கும் கிழியும். காந்தப் பட்டன் வைக்கறதா இருந்தா, வாய் விளிம்பைத் தைக்கறதுக்கு முன்னாடி, பின்னால ஒரு டெனிம் துண்டு கொடுத்து, கம்பிக் காலை வெளிப்பக்கமா மடக்குங்க.

பாவுநூல் எழுதியது:

இடுப்புப் பகுதி நல்ல பை ஆகும். கவட்டுத் தையல் வளைவாக இருப்பதால் துணி மேடாகிறது. தையல் பிரிப்பானால் அந்த வளைவை முன்னும் பின்னும் பிரித்துக்கொண்டே போங்கள். துணியைத் தரையில் விரித்தால் தட்டையாகப் படியும் இடம் வந்ததும் நிறுத்துங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் துணியைப் பழைய மடிப்பு மேலேயே இரண்டு கோடு தைத்து, அடியில் மிஞ்சியதைக் கத்தரித்துவிட்டு, அதன் பிறகு அடித்தையல் போடுங்கள். முன் ஜிப்பை உள்பக்கமாக மேலிருந்து கீழ் வரை தைத்து மூடாவிட்டால் பொருளின் எடையில் அது திறந்துகொள்ளும். கைப்பிடியை பெல்ட் லூப்பில் மாட்ட வேண்டாம், லூப் எடையைத் தாங்காமல் பிய்யும். இடுப்புப் பட்டையின் உள்பக்கம் கைப்பிடியைப் பதித்துத் தைத்துவிட்டு, லூப்பை அழகுக்கு விடுங்கள்.

பாக்கெட் மூலையில் இருக்கும் செம்பு ரிவெட் மேல் தைக்க முயலாதீர்கள், அதிலிருந்து அரை செ.மீ. தள்ளியே போங்கள். அந்த ரிவெட்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873இல் காப்புரிமை வாங்கியதே பாக்கெட் மூலை கிழிகிறது என்பதற்காகத்தான். பாக்கெட்டைப் பிரித்து வேறு இடத்தில் தைக்கும்போது ரிவெட் போய்விடும். மேல் மூலை இரண்டிலும் 1 செ.மீ. நீளத்துக்கு நெருக்கமான ஜிக்ஜாக் தையல், அகலம் 2 மி.மீ., நீளம் அரை மி.மீ., போட்டுவிடுங்கள், உள்ளே ஒரு சின்னத் துணித்துண்டும் இருக்கட்டும்.

நீலநூல் எழுதியது:

புரிஞ்சது. கருநீலத் துணியை இன்னிக்கே ஊற வச்சுட்டேன். முன் துண்டுல 2.5 செ.மீ. கோடு போட்டுட்டு மணியை ஆரம்பிக்கறேன். அடியில அட்டை வைக்கலாமா?

மூலைமடிப்பு எழுதியது:

காகித அட்டை நனைஞ்சா ஊறிடும். பிளாஸ்டிக் ஷீட்டை 29க்கு 9 செ.மீ. வெட்டி, மூலையை வட்டமா நறுக்கி, லைனிங் துணியிலயே உறை தச்சுப் போடுங்க. தச்சு ஒட்டாம சும்மா உள்ள வச்சா, துவைக்கும்போது வெளிய எடுத்துடலாம். மணி வேலை இருக்கறதால கையாலதான் அலசணும், முறுக்கிப் பிழியாம நிழல்ல தலைகீழா மாட்டுங்க.